குட்டியின் மதியச் சோறு

என் தங்கச்சி தன் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று மூன்று பேர் சொன்னார்கள். கிளினிக் நர்ஸ், அவளுடைய மாமியார், அவள் வேலை செய்யும் லாண்டரியின் சூப்பர்வைசர். மூவரில் ஒருவர்கூட அவள் பிள்ளைக்குச் செய்வதை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவரில்லை. நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். உப்பு இருக்காது, காரம் இருக்காது. ஆனாலும் வாய் இன்னொரு தடவை கேட்கும். ஆகவே இதை நான்தான் எழுத வேண்டும்.

அவளை வீட்டில் பொடிசு என்போம். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் எனக்கு அவள் பொடிசுதான். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விரிப்புகளைத் துவைத்துத் தரும் பெரிய லாண்டரியில் வேலை. சூடான உருளையிலிருந்து வெளியே வருகிற விரிப்பை இன்னொரு பெண்ணோடு சேர்ந்து பிடித்து மடிக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும், கை சிவந்து போகும். அவள் மடித்த அடுக்கைப் பார்த்தால் கத்தியால் வெட்டி வைத்தது போல இருக்கும். நான் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். ஓரம் நேராக இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறார். நல்ல மனிதர். யாரோடும் சண்டை போடமாட்டார், தன் அம்மாவோடு அறவே போடமாட்டார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறையும் சமையலறையுமாக ஒரு வீடு. நான் அடுத்த தெரு. இரண்டு சம்பளம் வந்தும் கைக்கும் வாய்க்கும் இழுபறிதான். பேறுகாலத்துக்கு வாங்கின கடன் இன்னும் தீரவில்லை.

குட்டி தவழத் தொடங்கியிருந்தான். காலையிலும் வேலை முடிந்து வந்த பிறகும் தாய்ப்பால். பகலில் லாண்டரியின் பின்பக்கத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு அறை உண்டு, அங்கே இருக்கும் ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். மதியச் சோற்றை வீட்டிலிருந்தே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோவாள்.

அந்தச் சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் கேவலமாகப் பேசினார்கள். பிள்ளைக்கென்று தனியாக உலை வைக்க மாட்டாள், கேஸுக்குக் கட்டுப்படியாகாது. அரிசி, பருப்பு, பூசணிக்காய் எல்லாம் வீட்டுக்கு வேகிற பாத்திரத்திலேயே வேகும். உப்பும் மிளகாயும் விழுவதற்கு முன்னால் குட்டியின் பங்கை எடுத்து வைத்துவிடுவாள். ஒரு கைப்பிடி கீரையைப் பொடியாக நறுக்கி அதில் போட்டு இன்னும் கொஞ்சம் வேகவிடுவாள். சந்தை கலைகிற நேரத்தில் போனால் ஒரு பக்கம் அடிபட்ட பூசணித் துண்டும் தலை தொங்கிய கீரையும் பாதி விலைக்குக் கிடைக்கும். அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுவுவாள். முட்டை வாங்க முடிந்த நாளில் முட்டை, முடியாத நாளில் வறுத்த வேர்க்கடலையை மாவாகப் பொடித்து ஒரு கரண்டி. மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய். எல்லாவற்றையும் கரண்டியின் முதுகால் மசிப்பாள். மிக்ஸியில் போடமாட்டாள்.

"மிக்ஸியில போட்டா கூழாயிடும்ணா. அப்புறம் மெல்லவே கத்துக்கமாட்டான்" என்பாள். மசித்ததை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பாள். வழிந்தால் தண்ணீர் அதிகம். வழியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். என் சிமெண்ட் கலவையை நான் கரண்டியில் எடுத்துப் பார்ப்பது போலவே பார்ப்பாள். எனக்குச் சிரிப்பு வரும்.

எல்லாவற்றையும்விட மலிவும் சத்தும் ஆனது கோழி ஈரல் என்று கண்டுபிடித்தது அவள்தான். முதல் தடவை அவளோடு கறிக்கடைக்குப் போனேன்.

"வெறும் ஈரல் மட்டுமா? பூனை வளக்கிறியாம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாண்ணே. ரெண்டு கால் பூனை. நாலு பல்லு முளைச்சிருக்கு."

"பாலு குடிக்குமா?"

"குடிக்கும். கடிக்கவும் செய்யும். எடையைப் பாத்துப் போடுங்க, தராசுல உங்க கட்டை விரலும் சேந்து நிக்குது."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே விரலை எடுத்தார். அன்றிலிருந்து "பூனைப் பங்கு" என்று ஒரு பொட்டலம் அவளுக்காகத் தனியாக இருக்கும். வேகவைத்து, நசுக்கி, சோற்றோடு சோறாகக் கலந்துவிடுவாள்.

இவ்வளவு செய்தும் குட்டிக்கு எடை ஏறவில்லை.

முதல் மாதம் ஏறாதபோது பல் முளைக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அடுத்த மாதம் கிளினிக்குக்கு நானும் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். அவர் பக்கத்து ஊரில் மூத்த மகள் வீட்டில் இருப்பவர். மகளுடைய இரட்டைப் பிள்ளைகளை வளர்ப்பது அவர்தான். பேரனைப் பார்க்க வந்தவர், பேரன் தொடையைப் பிடித்துப் பார்த்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

நர்ஸ் குட்டியைத் தராசில் வைத்தாள். முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது.

"என்ன குடுக்கிற?"

"சோறு, பருப்பு, காய், ஈரல்..." என்று பொடிசு ஆரம்பித்தாள்.

"வீட்டுச் சாப்பாடா? அதான் இப்படி இருக்கு." நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டின் பவுடர் வாங்கிக் குடு. கடையில கேட்டா குடுப்பாங்க. பிள்ளைக்குச் செலவு பண்ண யோசிச்சா எப்படி?"

அவள் தலைக்கு மேலே சுவரில் பெரிய படம் ஒட்டியிருந்தது. சோறு, பருப்பு, கீரை, முட்டை, ஈரல் எல்லாம் வரைந்து, குழந்தைக்கு வீட்டு உணவே நல்லது என்று கொட்டை எழுத்தில். அந்தப் படத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு டின் வாங்கச் சொல்கிறாள்! ஒரு டின்னின் விலைக்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு வாரத்துக் காய்கறி வரும். எனக்கு வாய் துறுதுறுத்தது. பொடிசு என் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாமல் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பேசினார்.

"நான் ஒண்ணும் உன்னைக் குறை சொல்லலம்மா" என்று ஆரம்பித்தார். குறை சொல்லப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "சந்தையில கழிச்சுப் போட்ட காயும், பூனைக்குப் போடற ஈரலும் குடுத்தா பிள்ளை எப்படி தேறும்? அங்க ரெண்டு பிள்ளைங்க டின்னு குடிச்சு எப்படி இருக்குதுங்க தெரியுமா? கன்னத்தைக் கிள்ள இடம் தேட வேணாம். இவனை எங்கிட்ட குடு. ரெண்டோட மூணா வளரட்டும். மாசம் ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

"மாசம் ஒரு தடவையா?" என்றாள் பொடிசு.

"பிள்ளை உசுரோட இருக்கணுமா, உன் மடியில இருக்கணுமா?"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றுமில்லை.

"மாப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா சொல்றதுலயும்..." என்று இழுத்தார்.

"இழுக்காதீங்க, அறுந்துடும்" என்றேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த தடவை எடை போடும்போது அத்தை மறுபடி வருவார். அப்போதும் ஏறாவிட்டால் பிள்ளை அவரோடு போவான். பொடிசு தலையை ஆட்டினாள். அவளுக்கு வேறு என்ன செய்ய முடியும்? அவள் சமையல் மீது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் தங்கச்சி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு அதைத் திரும்பிப் பார்க்கிறவள் இல்லை. அவளைத் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் லீவு நாளில் போனேன். பொடிசு குட்டியை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டிக்கொண்டிருந்தாள் என்பதைவிட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் என்று சொல்லலாம். ஸ்பூன் உதட்டில் பட்டதும் குட்டி நாக்கை நீட்டி அதை வெளியே தள்ளினான். உள்ளே போன கொஞ்சமும் தொண்டையில் சிக்கினாற்போல் ஓங்கரித்தான். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, வாயைக் குவித்து, காற்றை உறிஞ்சினான்.

"எப்பவும் இப்படித்தானா?"

"வீட்டுல இருந்தா இப்படித்தாண்ணா. என்னைக் கண்டா கொழுப்பு. அங்க போனா ஆயா குடுக்கறதைச் சமத்தா சாப்பிடறான். டப்பா காலியா கழுவி வருது. தினமும் கேக்கிறேன், சொட்டு விடாம சாப்பிட்டான்னு சொல்றாங்க."

எனக்கு அது உதைத்தது. தினமும் மதியம் ஒரு டப்பா சோற்றை முடிக்கிற பிள்ளைக்கு ஸ்பூன் என்றால் என்னவென்று தெரியாதா? தள்ளுகிறானே, புதுச் சாமானைக் கண்டது போல!

"நீ என்னைக்காவது அவன் அங்க சாப்பிடறதைப் பாத்திருக்கியா?"

"உள்ள விடமாட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல அம்மாங்க போகக் கூடாது. பாத்தா பிள்ளைங்க திரும்ப விடாம அழும், வேலைக்குப் போக நேரமாகுதுன்னு ரூல் போட்டுட்டாங்க."

"அப்போ யாருமே பாத்ததில்லையா?"

"ஆயா இருபது வருஷமா பிள்ளைங்களைப் பாக்கறவங்க. எம் பிள்ளைக்கு ஸ்பூன் தெரியாதுன்னு சொல்ல வந்தியா? அவங்க வாயெல்லாம் பத்தலைன்னு நீயும் சேந்துக்கோ!"

ஸ்பூனைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். குட்டி என்னைப் பார்த்துச் சிரித்தான். தாடையில் பூசணிக்காய் ஒட்டியிருந்தது.

அடுத்த வேலை நாளில் மதியம் என் வேலையை அப்படியே விட்டுவிட்டு லாண்டரிக்குப் போனேன். சிமெண்ட் படிந்த சட்டையும் கையில் ஒரு கருவிப் பையும் இருந்தால் எந்தக் கதவும் தடுக்காது. யாரோ வரச்சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொள்வான். பின்வாசல் வழியாகப் போய்க் குழந்தைகள் அறையின் கதவைத் தள்ளினேன்.

நீளமான அறை. ஜன்னல் உயரத்தில் இருந்தது. தரையில் வரிசையாகப் பாய்கள், பாய்க்கு ஒரு குழந்தை. ஓரத்தில் மேசை. மேசைமேல் அம்மாக்கள் கொடுத்தனுப்பிய டப்பாக்கள். ஆயா ஒரு டப்பாவைத் திறந்தார். அதில் வெந்நீரை ஊற்றினார், கலக்கினார், ஒரு பெரிய வடிகட்டியில் கவிழ்த்தார். கீழே கிண்ணத்தில் இறங்கிய தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றினார். பாட்டிலின் ரப்பர் காம்பின் துளையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். வடிகட்டியில் தங்கியதைப் பக்கத்தில் இருந்த பக்கெட்டில் தட்டினார். அடுத்த டப்பாவை எடுத்தார்.

அது எங்கள் டப்பா. மூடியில் நானே ஆணியால் கீறிய அடையாளம் உண்டு.

மஞ்சளாகப் பூசணி, பச்சையாகக் கீரை, கறுப்பாக ஈரல் எல்லாம் வடிகட்டியில் ஒட்டிக்கொண்டு நின்றன. அடியில் சோறு கழுவிய தண்ணீர் போல ஒன்று இறங்கியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். என் தங்கச்சி அளந்துதான் போட்டாள். ஆற்றில்தான் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. விடிவதற்கு முன் எழுந்து அவள் மசித்த சோறு ஒரே தட்டலில் பக்கெட்டுக்குள் விழுந்தது. குட்டி பாயில் படுத்தபடி இரண்டு கையையும் நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டான்.

"என்ன பண்றீங்க?" என்று கத்தினேன். இரண்டு குழந்தைகள் அழத் தொடங்கின.

"யாரு நீ? சத்தம் போடாத, பிள்ளைங்க எழுந்துக்கும்!"

"சொட்டு விடாம சாப்பிட்டான்னு எந்தங்கச்சிகிட்ட சொன்னீங்களே!"

"சொட்டு விடலையே. குடிக்கத்தானே செய்யறான்?"

"குடிக்கறானா? சாப்பாட்டைப் பூராவும் பக்கெட்ல போட்டுட்டு, பாத்திரம் கழுவின தண்ணிய குடிக்க வைக்கிறீங்க!"

ஆயா பாட்டிலை மேசைமேல் வைத்தார். இடுப்பில் கையை ஊன்றினார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"எத்தனை வாய்னு எண்ணிப் பாரு. எத்தனை கைன்னும் எண்ணிப் பாரு. நான் ஒருத்தி. ஒவ்வொண்ணையும் மடியில வச்சு அம்மா மாதிரி ஊட்டினா சாயந்தரம் ஆயிடும். மதியம் ரெண்டாவது பெல் அடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு தூங்கியாகணும். ஒண்ணு அழுதாலும் கடிகாரம் வந்து வாசல்ல நிக்கும். எனக்கு ஒரு கை ஆளு குடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. நீ என்னடான்னா எங்கிட்ட வந்து கத்துற!"

என் கோபம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் அறைக்குள் சுற்றியது. அதற்குள் கடிகாரம் வந்துவிட்டார். அதுதான் சூப்பர்வைசருக்குப் பெண்கள் வைத்த பெயர். எந்நேரமும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

"யாருய்யா நீ?"

"மாமன்."

"யாருக்கு?"

"அதோ, அந்த பாட்டிலுக்கு."

"பிள்ளைக்கு ஒழுங்கா குடுத்தனுப்பத் துப்பில்ல, பட்டினி போடறீங்க, பழி மட்டும் எங்க மேல போடறீங்களா? வெளிய போ!"

என் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவரை அடிக்காமல் வந்தேன் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பெருமைப்படுகிறேன், வருத்தமும் படுகிறேன்.

சாயங்காலம் பொடிசிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"வடிகட்டியில என்னென்ன நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"எல்லாமே."

"ஈரலுமா?"

"ஈரல், கீரை, பூசணி எல்லாமே. சோறுகூடப் பாதிக்கு மேல."

டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு, "அப்போ நான் செஞ்சது தப்பில்ல" என்றாள். "என் கையில தப்பில்லைண்ணா." அவள் முகம் கடுகடுவென்று மாறியது. நான் அந்த முகத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

மறுநாள் மதியம் நடந்ததை நெட்டைதான் வந்து சொன்னாள். பொடிசோடு எதிர்முனையில் நின்று விரிப்பு மடிக்கிற பெண் அவள். எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று ஒவ்வொருவரையும் நடித்தே காட்டினாள்.

பெல் அடித்ததும் பொடிசு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாமல் நேராகக் குழந்தைகள் அறைக்குப் போனாளாம். டப்பாவையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு குட்டியை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆயா கடிகாரத்தைக் கூப்பிடவில்லை. அவராகவே வந்தார்.

"ரூல் தெரியாதா உனக்கு? அம்மாவப் பாத்தா பிள்ளைங்க அழும்."

"அழட்டும் சார். வயிறு நெறஞ்சு அழட்டும்."

"இன்னைக்கு நீ வருவ, நாளைக்கு எல்லாரும் வருவாங்க. உருளையை யாரு பாக்கிறது?"

"சாப்பாட்டு நேரத்துல உருளை நிக்குது சார். நீங்கதான நிறுத்தச் சொல்றீங்க. நிக்கிற உருளைக்கு நான் எதுக்கு காவல்?"

நெட்டை அந்த இடத்தில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காட்டினாள். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்போ நாளையில இருந்து வேற இடம் பாத்துக்கோ" என்றாராம் கடிகாரம்.

"சரி சார். இந்த டப்பாவை முடிச்சிட்டுப் போறேன்."

அதற்குள் வாசலில் மூன்று நான்கு அம்மாக்கள் வந்து நின்றுவிட்டார்கள். எல்லோரும் இவளுக்கு ஆதரவாக வரவில்லை. "உன் ஒருத்தியால அறையையே மூடிட்டா நாங்க பிள்ளைய எங்க கொண்டுபோய் விடறது?" என்று ஒருத்தி சண்டைக்கு நின்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அப்போது ஆயாதான் வாயைத் திறந்தார்.

"சார், வர முடிஞ்சவங்க வந்து அவங்கவங்க பிள்ளைக்கு ஊட்டிட்டுப் போகட்டும். மிச்சப் பிள்ளைங்களுக்கு எனக்குக் கை இருக்கும். இல்லாட்டி நாளைக்கு நீங்களே வந்து பாட்டில் பிடிங்க."

கடிகாரம் ஆயாவை இழக்கத் தயாராக இல்லை. "ரெண்டாவது பெல் அடிச்சதும் ஒருத்தி இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் சும்மா விடவில்லை. அந்த வாரமே பொடிசை மடிப்பு மேசையிலிருந்து ஈரத்துணிப் பக்கம் மாற்றினார். நனைந்த விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்து வண்டியில் போடும் வேலை. தோள் கழன்றுவிடும். இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். எவ்வளவு நேராக மடித்த கை! நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், குட்டிதான் பெரிய எதிரியாக இருந்தான். பாட்டில் ருசி கண்டவன் ஸ்பூனுக்கு மசியவில்லை. முதல் வாரம் முன்னைவிடக் குறைவாகத்தான் உள்ளே போனது. பொடிசு விடவில்லை. குட்டியின் கையிலேயே ஒரு ஸ்பூனைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றால் நுனியில் கொஞ்சமாக எடுத்து வைத்தாள். துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். வாயைத் திறந்து திணிக்கவில்லை. அத்தை வருகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். ஒரு நாள் அவர் வேனில் என்னை ஏற்றிக்கொண்டபோது, ரொட்டித் தட்டுகளுக்கு அடியில் ஒரு டின் இருந்ததைப் பார்த்தேன்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"மெதுவாப் பேசுங்க மச்சான்."

"வேன்ல நாம ரெண்டு பேருதான இருக்கோம்?"

"திறக்க வேண்டாம் மச்சான். அலமாரியில அம்மா கண்ணுல படற மாதிரி வச்சாப் போதும். அம்மா வந்து பாத்துட்டு மனசு ஆறிடுவாங்க. அப்புறம் கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம், பேசி வச்சிருக்கேன்."

அவர் யோசனையில் சூது இல்லை, பயம்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு எரிந்தது. பொடிசிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் டின்னைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மேலே கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்தது.

"இதை அலமாரியில வச்சா, நாளைக்கு எடை ஏறினா இதாலதான்னு சொல்லுவாங்க. நான் செஞ்சது ஒண்ணும் இல்லைன்னு ஆயிடும். கொண்டுபோய் குடுத்துட்டு வாங்க. இப்பவே."

"நாளைக்கு..."

"இப்பவே."

மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் முட்டை அட்டை இருந்தது. அவர் தானாக யோசித்துச் செய்த முதல் நல்ல காரியம் அது என்று நான் நினைக்கிறேன்.

பிறகு ஒரு மதியம் குட்டி மென்றான். நான் பார்க்கவில்லை, பொடிசு சொன்னாள். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஈரலை வைத்து அரைத்தானாம், ஆச்சரியமாக அவளையே பார்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு ஸ்பூன் வர நேரமானால் அவனே கத்தினான்.

எடை போடும் நாளில் அத்தை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கையில் காலிப் பை. குட்டியின் துணிமணிக்காக என்று அவர் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. கிளினிக்கில் நீள பெஞ்சில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பொடிசு குட்டியை யார் கையிலும் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை தூக்கிக்கொள்கிறேன் என்றபோதும் கொடுக்கவில்லை.

அதே நர்ஸ். தராசில் வைத்தாள். முள் போன தடவை நின்ற இடத்தைத் தாண்டியது. ஆடியது, நின்றது. பிரமாதமாக ஏறிவிடவில்லை. ஆனால் ஏறியிருந்தது. எடை அட்டையில் அவன் வயதுக்கு இருக்க வேண்டிய கோட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுவிட்டான்.

"பாத்தியா" என்றாள் நர்ஸ், எழுதிக்கொண்டே. "சொன்னபடி டின் வாங்கிக் குடுத்ததும் ஏறிடுச்சு. முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?"

"டின் வாங்கலீங்க" என்றாள் பொடிசு. "அதே சோறுதான். பிள்ளை வாய்க்குள்ள போச்சு, அவ்வளவுதான்."

"ம்ம். அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஒரு பெண்ணைக் குற்றவாளியாக உட்கார வைத்ததற்கு அந்த ஒரு 'ம்ம்'. நான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை பொடிசு என் கையைப் பிடிக்கவில்லை. என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. பெஞ்சில் இருந்த அம்மாக்கள் எல்லோரும் கேட்டார்கள். அடுத்து நின்ற பெண் தன் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்கண்ணே" என்றாள். நர்ஸின் காது சிவந்தது. அது போதாது, ஆனால் அன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

வெளியே வந்தோம். அத்தை குட்டியின் தொடையைப் பிடித்துப் பார்த்தார். அவன் திரும்பி அவர் விரலைக் கடித்தான்.

"கடிக்கிறானே!" என்றார்.

"மெல்லவும் செய்யறான் அத்தை" என்றேன். "வேணும்னா இன்னொரு விரல் குடுங்க."

மாப்பிள்ளை அந்தக் காலிப் பையைத் தன் அம்மாவின் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அம்மா, அவன் எங்கயும் வரல" என்றார். முழுசாகச் சொல்லி முடித்தார், இழுக்கவில்லை.

அத்தை அவரைப் பார்த்தார். பிறகு பொடிசைப் பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. பொடிசின் தோள் ஈரத்துணி இழுத்து இழுத்து வீங்கியிருந்தது, அதன் மேல் குட்டி சாய்ந்திருந்தான்.

"குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

பொடிசு அசையவில்லை. நடுத்தெருவில் அப்படியே நின்றாள். ஒரு சைக்கிள்காரன் மணி அடித்துவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனான்.

"வீட்டுக்குத்தான?" என்று கேட்டாள்.

அத்தையின் கை நீட்டியபடியே இருந்தது. அவர் முகத்தில் முதலில் கோபம் வந்தது, பிறகு அது இறங்கியது.

"வீட்டுக்குத்தாம்மா" என்றார்.

அதற்குப் பிறகுதான் கொடுத்தாள்.